இரண்டாம் கழுவல்

இன்வர்கார்கில், நியூசிலாந்து
10 மார்ச் 2024

அன்புள்ள சோலைமலை மச்சானுக்கு,

மாப்பிள்ளை ஜெயகாந்தன் எழுதிக்கொள்வது. நானும் தனுஷிகாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகமும், அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதும் அறிய ஆசை.

கையில் போன் இருக்க இவன் ஏன் முத்திரை ஒட்டுகிறான் என்று நினைப்பீர்கள். போன் எடுத்தால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். பூண்டுலோயா முழுக்கக் கேட்கிற மாதிரி நாம் என்னத்தைப் பேசுவது? இது நம் இருவருக்குள் இருக்க வேண்டிய விஷயம்.

வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்கியிருக்கிறேன். பயப்படாதீர்கள், இந்த நாட்டில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சினால் யாரும் பிடிக்க வரமாட்டார்கள். முளைகட்டிக் காயவைத்த பார்லியை நொறுக்கிச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால், அதிலிருக்கிற மாவு தானாகவே சீனியாக மாறிவிடும். அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து, கசப்புக்கு ஒரு பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் தூவி மூடிவைத்தால் பியர். சொல்லும்போது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

முதல் முயற்சியிலேயே நான் யாரென்று காட்டிவிட்டேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் ஆயிற்றே, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரைப் பார்லி மேல் அப்படியே ஊற்றிவிட்டேன். கொதிக்காத தண்ணீரில் தேயிலைச் சாயம் ஊற்றினால் நம் வீட்டில் கோப்பையோடு வெளியே போகுமே, அந்தப் பழக்கம்! மாவைச் சீனியாக்குகிற சத்து அவ்வளவு சூட்டில் செத்துப்போகுமாம். அறுபத்தைந்து டிகிரிக்குக் கொஞ்சம் மேலே நின்றால் போதுமாம். எனக்குக் கிடைத்தது ஒரு பானைப் பசை. தனுஷிகா எட்டிப் பார்த்துவிட்டு, "எலக்சன் வந்தா போஸ்டர் ஒட்டலாங்க" என்றாள்.

டிசம்பரில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறோம். நீங்களும் அக்காவும் கட்டாயம் வரவேண்டும். அதற்குள் கை பழகிவிடும். அன்றைக்கு என் கையால் காய்ச்சிய பியரில் முதல் கிளாஸ் உங்களுக்குத்தான். நீங்கள் குடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு.

அன்புடன்,
ஜெயகாந்தன்


பூண்டுலோயா, இலங்கை
6 ஏப்ரல் 2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நாங்கள் நலம். உன் அக்காவின் முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கும் வலிக்கிறது. என்னோடு சண்டை போடும்போது மட்டும் வலிப்பதில்லை.

பால் காய்ச்சும் செய்தி கேட்டு மனம் நிறைந்துபோனது. அப்பா இல்லாத பிள்ளை, கடல் தாண்டிப் போய் வீடு கட்டிவிட்டாய். விசாவுக்கு வேண்டிய கடுதாசிகளை அனுப்பு. லீவுக்கு டீமேக்கர் ஐயாவிடம் இப்போதே சொல்லிவைக்கிறேன். நான் இல்லாவிட்டால் ஃபேக்டரி மெஷின்களுக்கு வேறு ஃபிட்டர் பார்க்க வேண்டுமே.

நீ பார்லியில் கொதிதண்ணீர் ஊற்றியதைப் படித்து ஃபேக்டரியில் நின்றபடியே சிரித்தேன். மாப்பிள்ளை, எனக்கு ஒரு சந்தேகம். சரியான சூட்டில் ஊறவைத்தால்கூட இது பிழையாகிப்போக வாய்ப்பு இருக்கிறதா? எந்தெந்தக் கட்டத்தில் பிழையாகும்? விவரமாக எழுது. அவசரப்பட்டு எதையும் செய்துவிடாதே. இன்னொன்று, கடிதத்தில் ஊறல், காய்ச்சல் என்று எழுதாதே. தபால் கந்தோரில் யாராவது பார்த்தால் மலைக்கு மேலே கசிப்பு, கள்ளச்சாராயம் தேடிப் பொலிஸ் வரும்.

மாசியில் ஃபேக்டரி ரோதைமுனிக்குப் பூசை போட்டோம். மெஷின்களைக் காப்பது அவர்தானே. வழக்கம்போலச் சுருட்டும் சாராயமும் படைத்தோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

தனுஷிகாவுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
சோலைமலை


பூண்டுலோயா
8 ஏப்ரல் 2024

அன்புத் தம்பி ஜெயகாந்தனுக்கு,

அக்கா மீனம்மா எழுதுவது. நீயும் தனுஷிகாவும் குளிருக்குக் கம்பளி போட்டுக்கொண்டு சுகமாக இருக்க முனியை வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை அவர் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். நடுவில் ஒரு இடத்தில் தொண்டையைச் செருமிவிட்டு நாலு வரி தாண்டினார். நான் விடுவேனா? அவர் வேலைக்குப் போனதும் எடுத்துப் படித்தேன். ஸ்பீக்கர் என்று என்னைக் குறை சொல்லியிருக்கிறாய். அதை வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

தம்பி, உன் மச்சான் தையிலேயே குடியை விட்டுவிட்டார். ஈரலில் கொழுப்பு என்று டவுன் டாக்டர் ஸ்கேன் எடுத்துச் சொன்னார். இவர் நேரே ரோதைமுனியிடம் போய், இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்தார். சாராயப் படையல் வாங்குகிற சாமியிடம் போய் இந்தச் சத்தியம்! முனிக்கே சிரிப்பு வந்திருக்கும். ஆனாலும் இன்றுவரை காப்பாற்றுகிறார். மாசிப் பூசையில் அவர் பங்கை முனியின் காலடியிலேயே ஊற்றிவிட்டார்.

தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் சொல்லவில்லை. ஏனென்று கேட்டேன். "அவன் ஆசையா செய்றான் மீனா, அவன்கிட்ட எப்படி வேணாம்னு சொல்றது" என்றார். உலகத்தில் எவன் நீட்டினாலும் தட்டிவிடுவார். நீ நீட்டினால் வாங்கிவிடுவார். வாங்கினால் குடித்துவிடுவார். ஒரு கிளாஸோடு நிற்கிற ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும்.

நான் சொன்னேன் என்று காட்டிக்கொள்ளாதே. என் மேல் ஆணை. அவர் வாயால் சொல்லட்டும். திடீரென்று பியரை நிறுத்திவிட்டேன் என்றும் எழுதாதே, யார் உளறியது என்று அந்த நிமிஷமே கண்டுபிடித்துவிடுவார். நீதான் ஏதாவது வழி பார்க்க வேண்டும். எனக்குப் பதில் எழுதினால் வீட்டுக்குப் போடாதே. பூண்டுலோயா டவுனில் மஃறூப் நானாவின் சில்லறைக் கடை விலாசத்துக்குப் போடு. சீனி வாங்கப் போகிற சாக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

அன்பு அக்கா,
மீனம்மா


இன்வர்கார்கில்
4 மே 2024

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நுவரெலியாக்காரன் என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டிருந்தேன், இப்போது பல்லெல்லாம் தாளம் போடுகிறது. மற்றபடி சுகம். உங்கள் உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சும்மா சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

பிழையாகிற கட்டங்களைக் கேட்டிருந்தீர்கள். ஊறவைப்பது இப்போது கைக்கு வந்துவிட்டது. தலைவலி அதற்குப் பிறகுதான். முதல் வடிப்பை எடுத்த பிறகும் சக்கையில் நிறைய இனிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி எடுக்க வேண்டும். இதற்கு மூன்று வழி சொல்கிறார்கள்.

ஒன்று, தேத்தண்ணிக் கடை வடிதுணி மாதிரி ஒரு பெரிய பை. பார்லியைப் பையோடு ஊறவைத்து, பையோடு தூக்கிவிட்டால் வேலை முடிந்தது. கழுவலே கிடையாது. சோம்பேறிகளின் வழி என்று கேலி செய்கிறார்கள், எனக்கென்னவோ பிடித்திருக்கிறது. அடுத்தது, மேலிருந்து துளித்துளியாகத் தெளித்து, அதே அளவு மெதுவாகக் கீழே வடியவிடுவது. பொறுமைசாலிகளின் வழி, அரைநாள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இன்னொன்று, முதலில் முழுவதையும் வடித்துவிட்டு, புதுச் சுடுதண்ணீரை மொத்தமாக ஊற்றிக் கிளறி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி வடிப்பது.

நீங்கள் எதைச் சொன்னாலும் அதன்படி செய்கிறேன் மச்சான். இதைப் பற்றி இல்லாமல் வேறு ஏதாவது சொல்வதென்றாலும் எழுதுங்கள். எதுவானாலும் எனக்குச் சம்மதம்தான்.

அன்புடன்,
ஜெயகாந்தன்


பூண்டுலோயா
1 ஜூன் 2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். இங்கே விடாத மழை. அரைக்கிற பதத்துக்குக் கொழுந்து வாடவில்லை என்று ஃபேக்டரியில் எல்லாரும் என்னைப் பார்த்து முறைக்கிறார்கள், மழையை நான்தான் திறந்துவிட்ட மாதிரி.

நன்றாக யோசித்துவிட்டேன். துளித்துளியாகத் தெளிக்கிற வழிதான் சரி. பை வேண்டவே வேண்டாம், அது சீக்கிரம் முடிந்துவிடும். முடிந்தால் துளியை இன்னும் மெதுவாக்கு. நடுவில் அடைத்துக்கொண்டால் பதறாதே, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கு. டிசம்பருக்குள் தயாராகாவிட்டாலும் எனக்குத் துளிக்கூட வருத்தமில்லை. அடுத்த வருஷம் குடித்தால் என்ன, அதற்கடுத்த வருஷம் குடித்தால் என்ன? நல்ல சாமானுக்குக் காலம் வேண்டும்.

வேறு ஏதாவது சொல்வதாக இருந்தால் எழுதச் சொன்னாய். ஒன்றும் பெரிதாக இல்லை. லயத்து வீட்டுக் கூரைத் தகரம் இரண்டு மாற்றினோம். உன் அக்கா இப்போதெல்லாம் அடிக்கடி டவுனுக்குப் போகிறாள்.

இப்படிக்கு,
சோலைமலை


இன்வர்கார்கில்
29 ஜூன் 2024
(மஃறூப் ஸ்டோர்ஸ் மூலம்)

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், மஃறூப் நானாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பிரித்துப் பார்க்கமாட்டார், ஆனால் என்னவென்று கேட்பார்.

மச்சானின் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உலகத்திலேயே மெதுவான வழியைத் தேடிப் பிடித்து, அதையும் மெதுவாக்கச் சொல்கிறார். என் பியர் உருப்படாமல் போக அவர் வேண்டாத சாமி இல்லை போலிருக்கிறது. அவர் சொன்னபடியே செய்தேன். அடைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். தனுஷிகா, "உங்க மச்சான் உங்கள பழி வாங்குறாரா?" என்று கேட்டாள்.

ஆனால் மனசில் ஒரு பக்கம் வலிக்கிறது அக்கா. எனக்குப் பொண்ணு பார்த்து, கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தி, விமான நிலையம் வரை பெட்டி தூக்கி வந்த மனுஷன். என்னிடம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாத அளவுக்கு நான் என்ன பெரிய ஆளாகிவிட்டேன்?

உங்கள் ஆணையை மீற மாட்டேன். ஒரு வழி யோசித்திருக்கிறேன். என்னவென்று உங்களிடமும் சொல்லப்போவதில்லை, ஸ்பீக்கர் ஞாபகம் வருகிறது. பயப்படாமல் வாருங்கள்.

உங்கள் தம்பி,
ஜெயகாந்தன்


இன்வர்கார்கில்
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். விசாக் கடுதாசிகள் தனியாக வருகின்றன.

தெளிக்கிற வழியை இரண்டு தரம் பார்த்துவிட்டேன். சக்கை களியாக இறுகி, சொட்டுக்கூட இறங்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள், இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பேச்சை மீறுகிறேன். ஊற்றிக் கிளறி வடிக்கிற வழியை முடிவு செய்துவிட்டேன்.

காரணம் சொல்லிவிடுகிறேன். தெளிக்கிற வழியில் எல்லாம் ஒரே பானையில் ஒன்றாகப் போய்ச் சேரும். இதில் முதல் வடிப்பு ஒரு பானைக்கும், இரண்டாம் கழுவல் வேறு பானைக்கும் தனித்தனியாக வரும். முதல் வடிப்பில் ஈஸ்ட் போட்டுப் பியராக்கிவிடலாம். இரண்டாம் கழுவலில் வேகம் குறைவு, ஆனால் நல்ல மணம், நல்ல நிறம். வற்றக் காய்ச்சினால் இனிப்பும் ஏறுகிறது. அதைக் கொட்ட மனசு வரவில்லை. அதற்கும் ஒரு வேலை இருக்கும், பார்க்கலாம்.

டிசம்பருக்கு எல்லாம் தயாராகிவிடும் மச்சான். நீங்கள் எதற்கும் கவலைப்படாதீர்கள்.

அன்புடன்,
ஜெயகாந்தன்


பூண்டுலோயா
19 அக்டோபர் 2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்து வெகு நாளாகிவிட்டது. பதில் எழுத இரண்டு மூன்று தரம் உட்கார்ந்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நலமாகத்தான் இருக்கிறேன்.

விசா வந்துவிட்டது. உன் அக்கா பெட்டியில் கருவாடு வைக்கிறாள், நான் எடுத்து வெளியே வைக்கிறேன், அவள் மறுபடி வைக்கிறாள். விமான நிலையத்தில் பிடித்தால் எனக்கும் இந்த அம்மாவுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடுவேன்.

எல்லாம் தயாராகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஊற்றிக் கிளறுவதும் நல்ல வழிதான் போலிருக்கிறது.

மாப்பிள்ளை, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய விஷயமில்லை. நேரில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
சோலைமலை


பூண்டுலோயா
12 ஜனவரி 2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். உன் அக்காவுக்குக் கால் வீங்கிவிட்டது, ஆனால் கருவாடு பிடிபடாத சந்தோஷத்தில் அது அவளுக்குத் தெரியவில்லை. புது வீடு மனசிலேயே நிற்கிறது. தனுஷிகாவின் கைப்பக்குவத்தை இங்கே வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

நேரில் சொல்கிறேன் என்று எழுதினேன். உன் வீட்டில் இருந்த நாளெல்லாம் வாய்வரை வந்தது, சொல்லவில்லை. இப்போது இரண்டு கடலுக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளை, நான் குடியை விட்டுவிட்டேன். போன தையிலேயே விட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நாம் உட்காரும்போதெல்லாம் நடுவில் ஒரு போத்தல் இருந்தது. அதை எடுத்துவிட்டால் உனக்கும் எனக்கும் பேச என்ன இருக்கும் என்று பயந்தேன். நீ படித்தவன், வெளிநாட்டுக்காரன். நான் மெஷினுக்குக் கிரீஸ் போடுகிறவன்.

பால் காய்ச்சிய அன்று சாயங்காலம் அத்தனை பேருக்கு முன்னால் நுரை தள்ளுகிற கிளாஸை என்னிடம் நீட்டினாயே. "மொத கிளாஸ் மச்சானுக்கு" என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். உன் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது மறைக்காமல் சொல்கிறேன், நான் குடிக்கத்தான் வாங்கினேன். சத்தியம் போனால் போகட்டும், இவன் முகம் வாடக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வாயில் வைத்தேன்.

இனித்தது. பார்லி மணம், வறுத்த வாசம், நுரை எல்லாம் இருந்தது. குடிக்கிறவனுக்குத் தெரியாதா மாப்பிள்ளை, ஒரு சொட்டுப் போதை அதில் இல்லை. நான் கிளாஸுக்கு மேலாக உன்னைப் பார்த்தேன். நீ யாரிடமோ கார் விலை கேட்டுக்கொண்டிருந்தாய். தனுஷிகா ஃப்ரீசரில் மீன் வைக்க இடமில்லை என்று வந்த நாளிலிருந்து ஏன் புலம்பினாள் என்பது அப்போதுதான் விளங்கியது. வற்றக் காய்ச்சிய இரண்டாம் கழுவலையெல்லாம் ஈஸ்ட் போடாமல் எனக்காக அதில் உறையவைத்து, நுரைக்குச் சோடா கலந்திருக்கிறாய். மறுபடி ஒரு கிளாஸ் கேட்டேன். நீயும் அதையே ஊற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

யார் சொன்னது என்று கேட்க மாட்டேன். ஒரு வருஷமாக உன் அக்கா வாங்கி வந்த சீனிக்கு நாங்கள் ஒரு மிட்டாய்க் கடையே வைத்திருக்கலாம்.

மறுநாள் காலையில் கடற்கரையில் நடந்தோமே, நீ வேலை இடத்தில் பட்ட கஷ்டத்தையெல்லாம் அன்றுதான் முதல் தரம் எனக்குச் சொன்னாய். உனக்கு அப்படி ஒரு கஷ்டம் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. போத்தலை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் பேசினோம், அதில் ஒரு பேச்சு எனக்கு ஞாபகமில்லை. இதைத்தான் உனக்கு எழுத நினைத்தேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். கிளாஸை நீட்டிவிட்டு ஏன் என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாய்?

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி.

உன் மச்சான்,
சோலைமலை


இன்வர்கார்கில்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். நீங்களும் அக்காவும் இப்படியே நீண்ட நாள் இருக்க வேண்டும்.

கடிதத்தைத் தனுஷிகாவிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்ச் சும்மா பானைகளைக் கழுவினேன். அவள் வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முதல் வடிப்புப் பியர் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். சுமார்தான். வந்தவர்கள் பாதிப் பேர் நம் கிளாஸைப் பார்த்துவிட்டு அதையே கேட்டார்கள். இனி நான் காய்ச்சும்போதெல்லாம் ஊற்றிக் கிளறி வடிக்கிற வழிதான், பானையும் இரண்டுதான்.

ஏன் திரும்பிக்கொண்டேன் என்று கேட்டீர்கள். நான் நீட்டினால் நீங்கள் வாங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும் மச்சான். கிளாஸில் என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் வாங்குவீர்கள் என்றும் தெரியும். அதைக் கண்ணால் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இனிமேல் நானே நீட்டினாலும், என்ன இது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உங்கள் மாப்பிள்ளை,
ஜெயகாந்தன்